நேற்றைக்குத் திருப்பும் பட்டன்

அந்தத் தெருவில் அவரைக் காதுக்காரர் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்க் கடைக்காரரே கொஞ்சம் யோசிப்பார். காது மெஷின் விற்பது, பழுது பார்ப்பது, காதுக்குள் வைக்கும் அச்சு எடுப்பது, மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஆளுக்குத் தகுந்தபடி சத்தத்தைச் சரிசெய்து கொடுப்பது, இவ்வளவுதான் அவர் தொழில். டாக்டர் இல்லை. யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் பதறிப்போய்த் திருத்துவார். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் திருத்தம் கேட்காது, அது வேறு கதை.

கடை மாடியில் இருந்தது. கீழே நகல் எடுக்கும் கடை. அங்கே மெஷின் ஓடினால் மாடித் தரை லேசாக அதிரும். ஒரு மூலையில் சுவரெல்லாம் தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டி, ஒரே ஒரு நாற்காலி கொள்கிற மாதிரி ஓர் அறை கட்டியிருந்தார். அதற்குள் ஆளை உட்காரவைத்துவிட்டுக் குதிகாலால் தரையை இரண்டு தட்டு தட்டுவார். கீழே நகல் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிடுவார். சோதனை முடிந்ததும் மறுபடி இரண்டு தட்டு. இருவருக்கும் நடுவே பேச்சுவார்த்தை குறைவு, ஆனால் இந்தத் தட்டு ஒருநாளும் தவறியதில்லை.

அவருடைய மனைவிக்குப் பிறவியிலேயே ஒரு காது கேட்காது. இன்னொரு காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதுவும் பலமான மெஷின் வைத்தால்தான். அவர் ஒரு பெரிய கடையில் எடுபிடியாக இருந்த காலத்தில் அவள் தன் அப்பாவோடு மெஷின் வாங்க வந்தாள். முதலாளி மாட்டிவிட்டு, "என்னமாவது பேசுப்பா, அந்தப் பொண்ணுக்குக் கேக்குதான்னு பாக்கணும்" என்றார். இவர் பேட்டரி டப்பாவின் மேல் எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் வாசித்தார். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

கல்யாணமான நாள்முதல் அவள் காதில் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவரே பொறுப்பு. நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். "உனக்கென்னப்பா, வீட்டுல சண்டைன்னா சத்தத்தைக் குறைச்சு வச்சிடுவ." அவர் சலித்துக்கொள்வார். "குறைக்கிற பட்டன் அவ காதுல இல்ல இருக்கு. நான் புலம்ப ஆரம்பிச்சா அவதான் அணைச்சுட்டுப் போறா." அது உண்மை. காது மெஷின் கம்பெனிகளைப் பற்றி அவர் பொரிந்துதள்ளத் தொடங்கினால், அவள் கை தானாகக் காதுக்குப் பின்னால் போய்விடும்.

அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிற பழக்கமே அந்த வீட்டில் கிடையாது. எதுவானாலும் எதிரே வந்து, வெளிச்சம் முகத்தில் விழ நின்று சொல்ல வேண்டும். அவர்களுடைய ஒரே மகள் அப்படியேதான் பேசக் கற்றுக்கொண்டாள். வேறு ஊரில் வேலைக்குப் போன பிறகும், ஆளின் மூஞ்சிக்கு நேரே வந்து நின்று பேசுகிறாள் என்று அவள் அலுவலகத்தில் புகார் இருந்ததாம்.

மனைவி வீட்டின் முன்னறையில் பெண்களுக்கான பார்லர் நடத்தினாள். பார்லரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். முடி வெட்டிக்கொள்ளப் பாதிப் பேர்தான் வருவார்கள். மீதிப் பேர் வருவது பேச. மாமியார் கொடுமை, மருமகள் கொடுமை, அலுவலகத்து மேலாளர் கொடுமை, எல்லாம் கண்ணாடி முன் வந்து கொட்டும். ட்ரையர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி முணுமுணுத்தாலும் அவளுக்கு அது கேட்டாக வேண்டும். அதற்காகவே காதுக்காரர் ட்ரையரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஓடவிட்டு, அந்த இரைச்சல் எந்தச் சுருதியில் ஏறுகிறது என்று பார்த்து, அதை மட்டும் அமுக்கிப் பெண்குரலைத் தூக்கிவைத்தார். குக்கர் விசில் பிடிக்கவில்லை என்றாள், அதையும் அடக்கினார். மழைச் சத்தம் வேண்டும் என்றாள், கொண்டுவந்தார். கடையில் வாங்கிய சட்டையை உடம்போடு பிடித்துப் பிடித்துத் தைப்பது போல வருஷக்கணக்காக இந்த வேலை நடந்தது.

அந்த மெஷின் பழைய மாடல். அதைச் செய்த கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி விழுங்கிவிட்டது. ஒரு கம்பெனி இன்னொன்றை விழுங்கினால் சதையை வைத்துக்கொண்டு எலும்பைத் துப்பிவிடும். அப்படித் துப்பிய எலும்புதான் இந்த மாடல். புதிது எதையும் அவள் காது ஏற்கவில்லை. இரண்டு முறை போட்டுப் பார்த்து, இரண்டு முறையும் தலைவலியோடு கழற்றிவைத்தாள். ஆபரேஷன் செய்து உள்ளே வைக்கிறார்களே என்று போய்க் கேட்டதற்கு, நரம்பு ஒத்துழைக்காது, வீணாக அறுத்துக்கொள்ள வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, உலகத்தில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு மெஷின்தான். அதைத் திருத்தத் தெரிந்தது ஒரு பழைய ப்ரோக்ராமுக்கு. அந்த ப்ரோக்ராம் ஓடியது ஒரு பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில். திறந்ததும் பச்சைப் புல்மேடும் நீல வானமும் வருமே, அந்தக் காலத்துச் சிஸ்டம்.

ஒருநாள் காலையில் கடையைத் திறந்தால் தீய்ந்த வாடை. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "இதுக்கு இனிமே உயிர் வராது. பார்ட்ஸும் கிடைக்காது. வேற வாங்கிக்கோங்க." வேறு வாங்கலாம். ஆனால் புதிய கம்ப்யூட்டர் எதிலும் அந்தப் பழைய சிஸ்டம் ஏறாதே. காதுக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மருமகன்தான் கைகொடுத்தார். மகளைக் கட்டியவர், கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர். தான் வைத்திருந்த மெல்லிய வெள்ளி நிற லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அது வேறு ஜாதிக் கம்ப்யூட்டர், சிஸ்டமே வேறு, திரையில் மூடுகிற பட்டன்கூட இடதுபக்கம் இருக்கும். காதுக்காரர் அதை விருந்தாளி கொண்டுவந்த குழந்தையைப் பார்ப்பது போல ஒதுங்கி நின்று பார்த்தார்.

"இதுல எப்படி மாப்பிள்ளை அந்தப் பழசு ஓடும்?"

"இதுக்குள்ள ஒரு கம்ப்யூட்டரை உண்டாக்கப் போறேன் மாமா. வர்ச்சுவல் மெஷின்னு பேரு. நிஜமா ஒண்ணும் கிடையாது, எல்லாம் பாவனைதான். ஆனா உங்க பழைய சிஸ்டம், தான் ஏதோ பழைய கம்ப்யூட்டர்ல இருக்கிறதா நம்பிக்கிட்டு ஓடும்."

"அதுக்கே காது குத்துறீங்களா?"

"ஆமா மாமா. அதுக்குக் குத்தினா வலிக்காது."

ஒரு மத்தியானம் முழுக்க மருமகன் உட்கார்ந்தார். லேப்டாப்பின் நடுவில் ஒரு சதுரம் திறந்தது, அதற்குள் பச்சைப் புல்மேடு வந்தது. காதுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ப்ரோக்ராமைப் போட்டு, வயரை மாட்டி, மனைவியின் மெஷினை இணைத்தார்கள். ப்ரோக்ராம் மெஷினைக் கண்டுகொண்டது. மருமகன் கிளம்பும் முன் ஒன்று சொல்லிக்கொடுத்தார். "இது அடிக்கடி முரண்டு பண்ணும் மாமா. வெளியில இருக்கிற வயர் வேலையெல்லாம் சுத்திச் சுத்திப் போறதால மெதுவாத்தான் நடக்கும். எதையாவது தொடுறதுக்கு முன்னாடி இந்த ஸ்னாப்ஷாட்டை எடுத்து வச்சுக்கோங்க. கெட்டுப்போனா இந்தப் பட்டனை அமுக்குங்க. எடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஆயிடும். நேத்திக்குத் திரும்பிப் போற மாதிரி."

காதுக்காரர் தன் வாழ்நாளில் கேட்ட நல்ல செய்திகளில் அது ஒன்று. ஏனென்றால் அவர் பயந்தாங்கொள்ளி. பழைய கம்ப்யூட்டரில் ஒரு கேள்வி வந்தால், ஆமாவா இல்லையா என்று அமுக்குவதற்குள் வேர்த்துவிடும். இப்போது அந்தப் பயம் போயிற்று. உள்ளே இருந்த சிஸ்டம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது உறைந்து நிற்கும். அவர் அலட்டிக்கொள்ளாமல் அந்தப் பட்டனை அமுக்குவார். புல்மேடு மறுபடி வரும். வாடிக்கைக்காரர்களின் விவரங்களை மருமகன் சொன்னபடி வெளியே தனியாகச் சேமித்துவந்ததால் அதிலும் நஷ்டம் இல்லை. அமுக்கு, திருப்பு, மறுபடி தொடங்கு. இரண்டு வருஷத்தில் அது மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வது போலக் கையோடு வந்துவிட்டது. நேற்று என்பது எப்போதும் பக்கத்து அறையில் இருக்கிறது என்று நம்பிவிட்டார் மனுஷன்.

மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். ஃபோனைக் காதுக்குப் பின்னால் மெஷின் இருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு, அம்மாவும் மகளும் ஊர்க்கதை எல்லாம் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்கு அந்த வீட்டில் யாரும் குறுக்கே போகக் கூடாது. ஆனால் அந்த வருஷம் பேச்சு சுருங்கத் தொடங்கியது. அரை மணி ஆயிற்று. பிறகு, "இந்தா அப்பாகிட்ட குடுக்குறேன்" என்று சீக்கிரமே கைமாற்ற ஆரம்பித்தாள். காதுக்காரர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். மிச்சமிருந்த காதும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனை வைத்த பிறகு அவளே கேட்டாள்.

"கொஞ்சம் கூட்டி வைங்களேன். அவ குரல் சேத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு."

"கூட்ட முடிஞ்சவரைக்கும் கூட்டியாச்சும்மா. அதுக்கு மேல மெஷின்ல இடமில்ல."

"ஏதாவது வழி இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

வழி ஒன்று இருந்தது. மெஷின் தரும் சத்தத்துக்குக் கம்பெனி ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். அதை மாற்றும் பக்கம் கம்பெனிக்காரர்கள் மட்டும் திறப்பது. பல வருஷத்துக்கு முன்னால் பயிற்சி கொடுக்க வந்த ஒருவர் நல்ல மனநிலையில் இருந்தபோது அதன் கடவுச்சொல்லை இவரிடம் உளறிவிட்டார். இவரும் ஞாபகம் வைத்திருந்தாரே தவிர, வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று தொட்டதில்லை. பழைய கம்ப்யூட்டராக இருந்தால் அன்றைக்கும் தொட்டிருக்க மாட்டார்.

மறுநாள் மத்தியானம் அவளைக் கடைக்கு வரச் சொன்னார். அவள் மெஷினைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டினாள். மெஷின் காதில் இல்லை என்றால் அவளுக்கு உலகமே கிடையாது. கீழே நகல் மெஷின் ஓடியது அவருக்குக் கேட்டது, காலில் வந்த அதிர்வு மட்டும் அவளுக்கு. காதுக்காரர் வயரை மாட்டினார். ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டார், அவ்வளவு ஜாக்கிரதை. கடவுச்சொல்லை அடித்தார். பக்கம் திறந்தது. உச்சவரம்பைக் கொஞ்சம்தான் உயர்த்தினார், பேராசைப்படவில்லை. புதிய அளவை மெஷினுக்குள் எழுது என்று அமுக்கினார்.

நீலக் கோடு ஒன்று இடதிலிருந்து வலதுக்கு நகரத் தொடங்கியது. பாதி வந்து நின்றது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு நகரவில்லை. அவள் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, ஆயிற்றா என்று புருவத்தால் கேட்டாள். இரு என்று கை காட்டினார். மறுபடி பார்த்தார். கோடு அங்கேயே நின்றது. பழைய கம்ப்யூட்டர் காலத்தில் இப்படி நின்றால் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேறு என்ன செய்ய முடியும்? கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்துவிட்டுக்கூட வருவார். வந்து பார்த்தால் ஓடி முடிந்திருக்கும். அன்றைக்கு அவர் டீ குடிக்கப் போகவில்லை. சனியன் மறுபடி உறைந்துவிட்டது என்று நினைத்தார். யோசித்து நினைத்ததுகூட இல்லை, கை நினைத்தது. பட்டனை அமுக்கினார்.

சதுரம் ஒரு கணம் இருண்டது. புல்மேடு வந்தது. ப்ரோக்ராம் திறந்த நிலையில், மனைவியின் அளவுகள் எல்லாம் தொடாத மாதிரி அழகாக வரிசைகட்டி நின்றன. அப்பாடா என்று மூச்சு விட்டார். மறுபடி தொடங்கலாம் என்று மெஷினைத் தேடச் சொன்னார். மெஷின் இணைக்கப்படவில்லை என்றது. வயரைக் கழற்றி மாட்டினார். இணைக்கப்படவில்லை. புதிய பேட்டரி போட்டு, கேட்டுப்பார்க்கும் குழாயைத் தன் காதில் வைத்தார். சாதாரணமாக அந்த மெஷினை அப்படிக் கேட்டால் காது கிழியும். இப்போது அதில் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை.

மறுபடி பட்டனை அமுக்கினார். மறுபடி. எத்தனை முறை திருப்பினாலும் உள்ளே இருந்த கம்ப்யூட்டர் சமர்த்தாக நேற்றைக்குப் போய் நின்றது. மேஜை மேல் இருந்த மெஷின் மட்டும் இன்றிலேயே கிடந்தது, பாதி எழுதிய நிலையில்.

மருமகனுக்கு ஃபோன் போட்டார். அவள் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள், கேட்காது என்பதால் எழுந்து போகக்கூட வேண்டியிருக்கவில்லை. உதடு தெரியாமல் மட்டும் திரும்பிக்கொண்டார்.

"எழுதிட்டு இருக்கும்போது திருப்பினீங்களா மாமா?"

"கோடு நின்னுடுச்சு மாப்பிள்ளை."

"நின்னிருக்காது மாமா. மெதுவாப் போயிருக்கும். ஸ்னாப்ஷாட் உள்ள இருக்கிறதை மட்டும்தான் திருப்பும். காது மெஷின் வெளியில இல்ல இருக்கு."

இது காதுக்காரருக்குத் தெரியாததா? தெரியும். யார் கேட்டிருந்தாலும் அவரே சொல்லியிருப்பார். தெரிந்தது கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். காத்திருந்தால் என்ன கொள்ளை போயிருக்கும் என்று அதன்பின் அவர் தன்னைக் கேட்காத நாள் இல்லை.

திரும்பியபோது அவள் பத்திரிகையை மூடி மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை வைத்தே படித்துவிடுவாள். அவர் அவசரமாக வாயைத் திறந்தார்.

"பழசும்மா. மெஷின் போயிடுச்சு. தானா போயிடுச்சு."

அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள். "விடுங்க. எத்தனை வருஷம் உழைச்சுது. அதுக்கும் வயசாகாதா?" என்றாள். மெஷின் இல்லாததால் குரல் உரக்க வந்தது, நகல் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு அவர் செய்யாதது இல்லை. விழுங்கிய கம்பெனிக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பினார். அந்த மாடலுக்கு ஆதரவு இல்லை, எங்கள் புதிய வரிசையைப் பாருங்கள் என்று ஒரே பதில் ஒவ்வொரு முறையும் வந்தது. தொழிலில் இருக்கும் பழைய ஆட்களை எல்லாம் கூப்பிட்டு அதே மாடல் யாரிடமாவது கிடக்கிறதா என்று கெஞ்சினார். ஒருவர் அனுப்பினார், உள்ளே துருப்பிடித்திருந்தது. இன்னொருவர், "அதையெல்லாம் எப்பவோ குப்பையில போட்டாச்சுங்க, நீங்க இன்னுமா அதை வச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று சிரித்தார். இவரால் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை.

புதிய மெஷின்களில் மிகப் பலமானதைக் கொண்டுவந்து மாட்டினார். அவருக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருந்தாள். "பாத்திரத்தை உருட்டுற மாதிரி இருக்கு. யார் பேசினாலும் பாத்திரம்தான் உருளுது" என்றாள். பழகிவிடும் என்றார் அவர், வாடிக்கைக்காரர்களிடம் சொல்லும் அதே குரலில். பழகவில்லை. ஒருநாள் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அது டப்பாவுக்குள் இருந்தது, டப்பா அலமாரிக்குள் இருந்தது.

பார்லர் நடந்தது. "முடி வெட்டக் காது எதுக்கு, கண்ணு இருந்தாப் போதும்" என்று ஆரம்பத்தில் சிரித்தாள். ஆனால் பேச வந்தவர்கள் எத்தனை நாள் சுவரோடு பேசுவார்கள்? ஒருத்தி ஒருத்தியாகக் குறைந்தார்கள். வெட்டிக்கொள்ள மட்டும் வந்தவர்கள் எத்தனை விரல் நீளம் என்று காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும் வாங்கி அலமாரித் தட்டில் வைத்தாள், எழுதிக் காட்டுவதற்கு. எழுதிக் காட்டும் அளவுக்கு யாருக்கும் கொடுமை மிச்சமில்லை போலும். அவள் குரலும் மாறிக்கொண்டு வந்தது. தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் அது மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாகிவிடும். எத்தனையோ பேருக்கு அப்படி ஆவதைக் காதுக்காரர் பார்த்திருக்கிறார். வீட்டுக்குள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீடியோவில் வந்தாள். நெட் தடுமாறும்போது படம் நின்று நின்று ஓடியது. வாய் ஒரு பக்கம் கோணியபடி மகள் உறைந்து நிற்பாள். அதிலிருந்து எதைப் படிப்பது? அம்மாக்காரி கொஞ்ச நேரம் திரையைத் தடவிக்கொண்டே பார்ப்பாள், கையசைப்பாள், ஃபோனை அவரிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோவாள்.

"அம்மா அழறாங்களாப்பா?" என்று மகள் கேட்பாள்.

"இல்லம்மா, வேலையா போயிருக்கா."

மருமகன் மகளிடம் எதையும் சொல்லவில்லை. அந்த நன்றிக்கடனாலேயே அவரிடம் முகம் கொடுத்துப் பேச இவரால் முடியாமல்போயிற்று.

கடைக்குப் போனதும் காதுக்காரர் செய்கிற முதல் வேலை லேப்டாப்பைத் திறப்பதுதான். சதுரத்துக்குள் புல்மேடு வரும். ப்ரோக்ராமில் அவள் பக்கத்தைத் திறப்பார். ட்ரையருக்கு எவ்வளவு அமுக்கினார், மழைக்கு எவ்வளவு தூக்கினார், பெண்குரலுக்கு எவ்வளவு, எல்லாம் ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது. அவள் கேட்ட உலகம் முழுவதும் அங்கே பத்திரமாக இருந்தது. அதைப் போட்டுக்கொள்ள ஒரு மெஷின்தான் இல்லை. சும்மா பார்த்துவிட்டு மூடிவிடுவார். மூடும்போது சேமிக்கவா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமலே எழுந்துபோன நாட்களும் உண்டு.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டிருப்பார். தாங்க முடியாமல் போனது, ஒரு காலை அவள் சொன்ன ஒரு வார்த்தை. தட்டைக் கழுவிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல, "எல்லாம் என்னாலதான்" என்றாள். "உள்ளதை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கூட்டு கூட்டுன்னு உங்களை நச்சரிச்சேன். அதான் போயிடுச்சு." அவர் அவசரமாக எதிரே போய் நின்று, இல்லை இல்லை என்று தலையசைத்தார். அவள் நம்பவில்லை. தன்னைத் தேற்றுகிறார் என்று நினைத்து அவர் கன்னத்தைத் தட்டினாள்.

அன்றைக்குக் கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு கிழவரின் மெஷினை மாற்றி மாட்டி, வலதை இடதில் போட்டுவிட்டார். மத்தியானமே பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். பார்லரில் யாரும் இல்லை. அவள் சீப்புகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னல் பக்கமாக, வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நின்றுகொண்டார். அவள் நிமிர்ந்தாள். என்ன, இந்த நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று கண்ணால் கேட்டாள்.

"உன்னால இல்ல. மெஷின் தானாவும் போகல. நான்தான் கெடுத்தேன். எழுதிட்டு இருக்கும்போது பாதியில திருப்பிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா நல்லாயிருந்திருக்கும். பொறுக்கல நான்."

மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்துதான் ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே அழுகை வந்துவிட்டது. உதடு நடுங்கியது, கோணியது, மூக்கும் வாயும் ஒன்றாக ஒழுகியது. அழுகிற வாயை யாராலும் படிக்க முடியாது. அவருக்கு அது தெரியும். தெரிந்தும் நிறுத்தாமல் கடைசிவரை சொல்லி முடித்தார்.

அவள் ஈரக் கையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு லேசாகச் சிரித்துத் தலையை ஆட்டினாள். மேலும் கீழுமாக இரண்டு தரம், கண்ணைக் கொஞ்சம் சுருக்கி.

அந்தத் தலையாட்டலைக் காதுக்காரர் தினமும் கடையில் பார்க்கிறார். காது கேட்காதவர்கள், ஒன்றும் புரியாதபோது, மூன்றாம் தடவை கேட்க வெட்கப்பட்டு, எதிராளியின் மனம் நோகக் கூடாது என்று ஆட்டுகிற தலை அது. அவரிடம் அவள் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அப்படி ஆட்டியதில்லை. புரியவில்லை என்றால் விடமாட்டாள், பத்துத் தடவையானாலும் சொல்லவைத்துக் கேட்டுவிடுவாள்.

"சரி, சரி. அழாதீங்க" என்றாள் அந்தத் தட்டையான உரத்த குரலில், அழுகைக்கு மட்டும் பதிலாக.

பலகை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மார்க்கரும் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவரும் தலையாட்டிவிட்டு, முகம் கழுவ உள்ளே போனார்.